மழை வராத இடி

2020 ஆகஸ்ட் 16, ஞாயிற்றுக்கிழமை. விடிவதற்கு முன்பே சான்ஃபிரான்சிஸ்கோ வட்டாரம் இடிச்சத்தத்தில் விழித்துக்கொண்டது. அந்தக் கடற்கரைப் பக்கம் ஆகஸ்டில் இடி அபூர்வம். தூக்கம் கலைந்தவர்கள் வெளியே வந்து மின்னலைப் படம் எடுத்தார்கள். வானம் வெட்டி வெட்டி வெளுத்தது. மழை மட்டும் பெயருக்குத்தான் வந்தது; பல இடங்களில் மண்கூட நனையவில்லை. அன்றும் அடுத்த சில நாட்களிலும் கலிஃபோர்னியாவின் வடக்கிலும் நடுப்பகுதியிலும் ஆயிரக்கணக்கான மின்னல்கள் தரையைத் தொட்டன. சுமார் 650 இடங்களில் தீ பிடித்தது.

நம் ஊரில் வளர்ந்தவர்களுக்கு இது சட்டென்று பிடிபடாது. மின்னினால் மழை வரும் என்பதுதான் நாம் அறிந்த கணக்கு. தூரத்தில் இடி உருண்டாலே மொட்டை மாடியில் காயும் வடாத்தை எடுக்க ஓடுகிறோம். மின்னல் ஒரு தென்னையின் தலையில் இறங்கி அது எரிந்தாலும், பின்னாலேயே வரும் மழை அதை அணைத்துவிடும். அப்படியிருக்க, இடியும் மின்னலும் ஒரு மாநிலத்தையே எப்படிக் கொளுத்த முடியும்?

நெருப்பை விட்டுவிட்டுத் தண்ணீரைப் பின்தொடர்ந்து போனால் இதற்கு விடை கிடைக்கும் என்பது என் எண்ணம். மேகத்தில் இருந்த தண்ணீர் எங்கே போனது, மரத்தில் இருந்த தண்ணீர் எங்கே போனது, காற்றில் எவ்வளவு இருந்தது: இந்த மூன்றும் தெரிந்தால் காட்டுத்தீ பெரும்பாலும் புரிந்துவிடும்.

மேகத்திலிருந்து ஆரம்பிப்போம்.

இடிமேகம் உருவாக இரண்டு தேவை. ஈரமான காற்று வேண்டும், அது மேலே ஏற வேண்டும். ஏறும் காற்று குளிர்ந்து, அதிலுள்ள நீராவி முதலில் துளியாகிறது, இன்னும் உயரத்தில் பனிக்கட்டியாகிறது. மேகத்துக்குள் பொடிப்பொடியான பனித்துகள்களும் குருணை போன்ற சின்ன ஆலங்கட்டிகளும் மேலும் கீழும் போய்வந்து ஒன்றோடொன்று மோதுகின்றன. அந்த மோதலில் மின்னூட்டம் இடம் மாறுகிறது. லேசான துகள்கள் நேர்மின்னூட்டத்தோடு மேலே போக, கனமான குருணைகள் எதிர்மின்னூட்டத்தோடு கீழே தங்குகின்றன. இது சேர்ந்து சேர்ந்து, ஒரு கட்டத்தில் காற்றால் தடுக்க முடியாத அளவுக்கு வந்ததும் மின்னல் பாய்கிறது. உலகம் முழுவதும் சேர்த்தால் ஒரு நொடிக்கு 40க்கும் மேற்பட்ட மின்னல்கள் வெட்டுகின்றன. அவற்றில் பெரும்பாலானவை மேகத்துக்குள்ளேயே ஓடி முடிந்துவிடும். ஒரு சிறு பங்குதான் தரைக்கு வரும்.

2020 ஆகஸ்டில் அந்த ஈரம் பசிபிக் பெருங்கடலிலிருந்து வந்தது. ஃபாஸ்டோ என்ற வெப்பமண்டலப் புயல் மெக்சிகோவுக்கு மேற்கே வலுவிழந்துகொண்டிருக்க, அதன் மிச்ச ஈரம் உயரமான காற்றோட்டத்தில் ஏறிக் கலிஃபோர்னியாவுக்கு மேலே வந்து சேர்ந்தது. உயரத்தில் ஈரம் இருந்தது, கீழே இருந்ததோ பல நாள் வெயிலில் வறுபட்ட காற்று. அதே 16ஆம் தேதி அதே மாநிலத்தின் டெத் வேலியில் 54.4 டிகிரி செல்சியஸ் பதிவானது என்றால் அந்த வாரத்து வெயிலை நீங்களே யோசித்துக்கொள்ளலாம்.

இப்படிப்பட்ட மேகத்தின் அடிமட்டம் மிக உயரத்தில் இருக்கும். அங்கிருந்து மழை கிளம்பத்தான் செய்கிறது. ஆனால் தரைக்கு வர இரண்டு மூன்று கிலோமீட்டர் சூடான வறண்ட காற்றைக் கடந்தாக வேண்டும். சூடேறிய தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்தால் சுர்ரென்று காணாமல் போகும் இல்லையா? இங்கே கல்லே தேவையில்லை, காற்றே குடித்துவிடுகிறது. தூரத்திலிருந்து பார்த்தால் மேகத்தின் அடியில் சாம்பல் நிறத் திரிகள் தொங்குவது போலவும், அவை பாதி வழியில் மங்கிக் கரைவது போலவும் தெரியும். அந்தத் திரிகள்தான் வந்து சேராத மழை.

மின்னலுக்கு இந்தத் தடை கிடையாது. மழையைக் குடிக்கும் காற்றால் மின்னலைக் குடிக்க முடியாது. ஆகவே மின்னல் தரைக்கு வருகிறது, மழை வருவதில்லை. இதைத்தான் உலர் மின்னல் என்கிறார்கள். 'உலர்' என்றால் ஒரு சொட்டும் விழவில்லை என்று அர்த்தமில்லை. மின்னல் இறங்கிய இடத்தில் 2.5 மில்லிமீட்டருக்குக் குறைவாக மழை பெய்திருந்தால் உலர் மின்னல் என்று கணக்கு வைத்துக்கொள்கிறார்கள். 1987 முதல் 2020 வரையிலான பதிவுகளை ஆராய்ந்தபோது, மே முதல் அக்டோபர் வரை கலிஃபோர்னியாவின் வடக்கிலும் நடுப்பகுதியிலும் தரைக்கு வந்த மின்னல்களில் ஏறத்தாழ பாதி இந்த ரகம்தான் என்று தெரியவந்தது. நமக்கு வியப்பாக இருக்கும் சங்கதி அங்கே பாதிக்குப் பாதி நடக்கிறது.

சரி, காற்றில் கரைந்த அந்த மழை என்ன ஆனது? இந்த இடத்தில் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். எனக்கு இதில் மிகவும் பயங்கரமாகத் தோன்றும் பகுதி இதுதான்.

மண்பானைத் தண்ணீர் ஏன் சில்லென்று இருக்கிறது? பானையின் மேல் கசியும் ஈரம் ஆவியாகும்போது வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. மழைத்துளி நடுவானில் ஆவியாகும்போதும் அதே கதைதான். சுற்றியுள்ள காற்று குளிர்கிறது. குளிர்ந்த காற்று கனமாகிறது. கனமானது கீழே விழுகிறது. கிலோமீட்டர் கணக்கான உயரத்திலிருந்து விழுந்த காற்று தரையில் மோதி, வாளித் தண்ணீரை முற்றத்தில் கொட்டினாற்போல் நாலாபக்கமும் சிதறி ஓடுகிறது. ஆக, தரைக்கு வராத மழை புயற்காற்றாக வந்து சேர்கிறது. நெருப்பை அணைத்திருக்க வேண்டிய தண்ணீர், அதற்கு விசிறி வீசுகிறது. அந்தக் காற்று எந்தத் திசையில் பாயும் என்பதும் நிமிடத்துக்கு நிமிடம் மாறும்.

அமெரிக்காவின் அரிசோனாவில் 2013 ஜூன் 28 அன்று யார்னெல் என்ற சிற்றூருக்கு அருகே ஒரு குன்றில் மின்னல் தீ மூட்டியது. முதல் நாளில் அது மிகச் சிறிய தீ. ஜூன் 30 அன்று பிற்பகல், பக்கத்தில் உருவான இடிமேகத்திலிருந்து இப்படி விழுந்து பரவிய காற்று தீயின் போக்கையே திருப்பிவிட்டது. வேறு திசையில் போய்க்கொண்டிருந்த தீ திரும்பி வேகமெடுத்தது. கிரானைட் மவுண்டன் ஹாட்ஷாட்ஸ் என்ற தீயணைப்புக் குழுவைச் சேர்ந்த 19 பேர் ஒரு பள்ளத்தில் சிக்கி இறந்தார்கள். பயிற்சியும் அனுபவமும் உள்ளவர்கள் அவர்கள். தீ மூட்டியதும் இடிமேகம், அதைத் திருப்பியதும் இடிமேகம்.

மின்னல் எப்படிப் பற்றவைக்கிறது

மின்னல் ஓடும் பாதை சுமார் 30,000 டிகிரி வரை சூடாகிறது. சூரியனின் மேற்பரப்பைப் போல் ஐந்து மடங்கு. இவ்வளவு சூடு பட்டால் எதுவும் எரியத்தானே வேண்டும்? அப்படி நடப்பதில்லை. தரைக்கு வரும் மின்னல்களில் பெரும்பாலானவை எதையும் பற்றவைப்பதே இல்லை.

காரணம் நேரம். விளக்குச் சுடருக்குள் விரலைச் சட்டென்று வீசி எடுத்தால் சுடாது. அரை நொடி வைத்திருந்தால் கொப்புளம்தான். சாதாரண மின்னல் வெட்டு நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரத்தில் முடிந்துவிடுகிறது. மரத்தின் சாற்றைக் கொதிக்கவைத்து, அந்த நீராவியின் வேகத்தில் பட்டையைப் பிய்த்து எறியும். ஆனால் பற்றவைக்க அவகாசம் இல்லை. சில மின்னல்கள் வேறு மாதிரி. முதல் வெட்டுக்குப் பிறகும் அதே பாதையில் மின்சாரம் விடாமல் ஓடிக்கொண்டிருக்கும். நொடியின் இருபத்தைந்தில் ஒரு பங்கு, பத்தில் ஒரு பங்கு, சில சமயம் அதற்கும் மேல். நமக்கு அது கண் சிமிட்டும் நேரம். உலர்ந்த ஊசியிலைக்கு அது போதும். காட்டுத்தீ மூட்டுவதில் பெரும்பங்கு இந்தத் தங்கி ஓடும் மின்னல்களுக்குத்தான்.

தீ பிடிக்கும் இடமும் நாம் நினைப்பதல்ல. மரத்தின் உச்சி தீப்பந்தம் போல எரியும் என்று படங்களில் பார்த்துப் பழகிவிட்டோம். நிஜத்தில், உச்சியில் இறங்கிய மின்னல் தண்டு வழியாக, பட்டையில் நீளமாக ஒரு கோடு கிழித்துக்கொண்டு அடிமரத்துக்கு வருகிறது. அங்கே பல வருடத்து ஊசியிலையும் பட்டைத்தூளும் மக்கியும் மக்காமலும் மெத்தை மாதிரி கிடக்கும். மேலே ஒரு விரல்கடை அளவுக்குப் புதிதாக விழுந்த மொறுமொறு ஊசிகள், கீழே தூளாகிப்போன பழுப்பு அடுக்கு, அதற்கும் கீழே ஈர மண்ணோடு கலந்த கறுப்பு. தீப்பொறி பிடிப்பது இந்த அடுக்குகளில்தான். இல்லையென்றால் நின்றபடியே செத்து உள்ளே உளுத்துப்போன மரத்தில். அந்த உளுத்த கட்டை, சிக்கிமுக்கிக் கல்லோடு வைத்திருக்கும் பஞ்சு மாதிரி பொறியை வாங்கிக்கொள்ளும்.

அடுப்பு மூட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்

மின்னல் எத்தனை நேரம் தங்கினாலும், விழுந்த இடம் ஈரமாக இருந்தால் கதை அங்கேயே முடிந்தது. ஒரு காடு எவ்வளவு காய்ந்திருக்கிறது என்பதைப் புரிந்துகொள்ள விறகடுப்பை நினைத்துக்கொண்டால் போதும்.

எங்கள் பாட்டி அடுப்பு மூட்டுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். முதலில் காய்ந்த பன்னாடையும் சருகும். அதன்மேல் விரல் கனத்துச் சுள்ளி. அது பிடித்த பிறகு மட்டைத்துண்டு. கடைசியில்தான் விறகு. மழைக்காலத்தில் சருகு நமுத்துப்போயிருந்தால் ஊதி ஊதிக் கண் எரியும், தீ பிடிக்காது. வெயில் காலத்தில் ஒரே குச்சியில் பிடித்துக்கொள்ளும். பிளந்து போட்ட விறகை ஒரு மாதம் வெயிலில் அடுக்கிவைக்காமல் பாட்டி உள்ளே எடுத்துவர மாட்டார்.

தீ ஆய்வாளர்கள் வைத்திருக்கும் கணக்கும் இதேதான், பெயர்தான் வேறு. சருகு, புல், 6 மில்லிமீட்டருக்குள் கனமுள்ள குச்சி இவையெல்லாம் 'ஒரு மணி நேர எரிபொருள்'. காற்று வறண்டுபோனால் ஒரு மணி நேரத்துக்குள் இவையும் பெரும்பாலும் வறண்டுவிடும். காற்று ஈரமானால் அதே வேகத்தில் நமுத்தும் போகும். இரண்டரை சென்டிமீட்டர் வரையுள்ள சுள்ளி பத்து மணி நேர ரகம். ஏழரை சென்டிமீட்டர் வரை நூறு மணி நேரம். அதற்கும் மேல் இருபது சென்டிமீட்டர் வரையுள்ள கட்டைகள் ஆயிரம் மணி நேர ரகம், அதாவது ஆறு வாரம்.

இந்த நாலு வரிசையை மனதில் வைத்தால் பல விஷயங்கள் தெளிவாகும். சருகின் ஈரம் அதன் உலர் எடையில் பத்து சதவீதத்துக்குக் கீழே போனால் பொறி பட்டதும் பிடித்துக்கொள்ளும். முப்பது சதவீதம் இருந்தால் அநேகமாகத் தீ நகராது. ஒரு சின்னத் தூறல் சருகை நனைத்துவிடும், ஆனால் மறுநாள் மதியத்துக்குள் அது மறுபடி காய்ந்துவிடும். கட்டையோ அந்தத் தூறலைக் கவனிப்பதே இல்லை. கட்டையின் உள்ளே இருப்பது கடந்த ஆறு வாரத்து வானிலை, அப்புறம் கடந்த ஆறு மாதத்து வானிலையும்கூட. "நேற்றுதானே மழை பெய்தது, எப்படித் தீ பிடித்தது?" என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். நேற்றைய மழை சருகுக்கு. கட்டைக்கு வேறு காலண்டர்.

கலிஃபோர்னியாவின் காலண்டர் நம்முடையது போல் இல்லை. அங்கே மழை குளிர்காலத்தில். மே முதல் அக்டோபர் வரை அநேகமாக மழையே இருக்காது. 2020இல் குளிர்காலமும் கைவிட்டது. பிப்ரவரி முழுவதும் சான்ஃபிரான்சிஸ்கோவில் அளக்கும்படியாக மழையே இல்லை. ஆகஸ்டில் மின்னல் வந்து இறங்கியபோது சருகு முதல் கட்டை வரை எல்லாமே தயாராக இருந்தன. அதற்கும் முன்னால், 2012 முதல் 2016 வரை நீடித்த வறட்சியில் தண்ணீர் கிடைக்காமல் நலிந்த மரங்களைப் பட்டைத்துளைப்பான் வண்டுகள் தாக்கி, 12 கோடிக்கும் அதிகமான மரங்கள் செத்துப்போயிருந்தன. உயிருள்ள மரம் வண்டைத் தன் பிசினால் வெளியே தள்ளிவிடும். பிசின் சுரக்கத் தண்ணீர் வேண்டும்.

காற்றின் தாகத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். வெப்பம் ஒரு டிகிரி கூடினால் காற்று பிடித்துவைக்கக்கூடிய நீராவியின் அளவு சுமார் ஏழு சதவீதம் கூடுகிறது. பை பெரிதாகிறது, போட்டுவைக்கத் தண்ணீர் இல்லை. அந்தக் குறையை அது மண்ணிலிருந்தும் இலையிலிருந்தும் கட்டையிலிருந்தும் உறிஞ்சி எடுக்கப் பார்க்கிறது. ஈரத்துணி அனல் காற்றில் அரை மணி நேரத்தில் காய்வது இதனால்தான். புவி சூடாவதற்கும் காட்டுத்தீக்கும் உள்ள தொடர்பைப் பற்றி எவ்வளவோ எழுதுகிறார்கள். எனக்கு அதில் மிக எளிமையாகப் புரிவது இந்த ஏழு சதவீதம். மழை அதே அளவு பெய்தாலும், சூடான காற்று காட்டை முன்பைவிட வேகமாகக் காயவைக்கிறது. இரவிலும் சூடு இறங்காவிட்டால் சருகு பனியில் நமுத்துக்கொள்ளும் அந்தச் சில மணி நேர இடைவேளையும் போய்விடுகிறது. இரவில் தீ அடங்கும், ஆட்கள் கொஞ்சம் மூச்சு விடலாம் என்பது தீயணைப்பு வீரர்களின் பழைய நம்பிக்கை. அதைத்தான் இப்போது இழந்துவருகிறார்கள்.

உமித்தீ

மின்னல் மூட்டும் தீயின் மிக மோசமான குணம், அது உடனே வெளியே தெரியாது. நம் ஊரில் இதற்கு அழகான சொல் இருக்கிறது, உமித்தீ. உமியில் போட்ட கங்கு மேலே சுடர் காட்டாது. கொஞ்சம் புகை, கொஞ்சம் வெதுவெதுப்பு, அவ்வளவுதான். ஆனால் உள்ளே நாள் கணக்கில் கனன்றுகொண்டே இருக்கும். ஊதினால் ஜொலிக்கும்.

மின்னல் விழுந்த மரத்தின் அடியில் நடப்பது அதேதான். மக்கிய அடுக்குக்குள்ளும், வேருக்குள்ளும், உளுத்த தண்டுக்குள்ளும் தீ புகைந்துகொண்டே கிடக்கிறது. சின்னத் தூறல் வந்தால் மேலே நனையும், உள்ளே கங்கு இருக்கும். மூன்று நாள், ஒரு வாரம், சில நேரம் இரண்டு மூன்று வாரம்கூட ஆகலாம். பிறகு ஒரு வறண்ட மதியம், நல்ல காற்று. அன்று அது வெளியே வருகிறது. மின்னலும் இடியும் எல்லோருக்கும் மறந்துபோன பிறகு.

2020இல் சான்டா குரூஸ் மலைகளில் அப்படித்தான் ஆனது. 16ஆம் தேதி விழுந்த மின்னல்கள் எட்டமுடியாத சரிவுகளில் சில சிறு தீக்களை மூட்டின. இரண்டு நாள் அவை பெரிதாக வளரவில்லை. 18ஆம் தேதி காற்று திசை மாறி வேகம் பிடித்ததும் அவை ஒன்றுசேர்ந்து மலையிறங்கின. 1902இல் தொடங்கப்பட்ட பிக் பேசின் ரெட்வுட் பூங்கா, கலிஃபோர்னியாவின் மிகப் பழைய மாநிலப் பூங்கா, ஏறக்குறைய முழுவதுமாக எரிந்தது. ஆயிரம் வருடம் தாண்டிய மரங்கள் நிற்கும் இடம் அது. அந்தத் தீ மொத்தமாக 35,000 ஹெக்டேரை எரித்து, 1,400க்கும் மேற்பட்ட கட்டடங்களை அழித்துவிட்டு ஓய்ந்தது.

அந்த ரெட்வுட் மரங்களில் பெரும்பாலானவை சாகவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஒரு அடி கனம் வரை போகும் பட்டை அவற்றுக்கு. அதற்கு அடியில் பல காலமாக உறங்கிக்கிடந்த மொட்டுகள், சில மாதத்தில் கரிக்கட்டையாக நின்ற தண்டு நெடுக முளைத்தன. கறுப்புத் தூண்களுக்குப் பச்சை ரோமம் வைத்தது போன்ற அந்தப் படங்களை நான் பலமுறை திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். இலையே இல்லாமல் முளைக்க, மரம் பல பத்தாண்டுகளுக்கு முன் சேமித்துவைத்த மாவுச்சத்தை எடுத்துச் செலவழித்திருக்கிறது என்று பின்னால் ஆராய்ந்து கண்டுபிடித்தார்கள்.

சியரா நெவாடா மலையில் இருக்கும் அதன் உறவான செகோயா மரங்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அதே ஆகஸ்ட் 19 அன்று மின்னல் மூட்டிய, 'காசில்' (Castle) என்று பெயரிட்ட தீயில், உலகத்திலுள்ள பெரிய செகோயாக்களில் பத்து சதவீதத்துக்கும் மேல் செத்துப்போயின. மின்னல் தீயோடு ஆயிரக்கணக்கான வருடம் வாழ்ந்து பழகிய மரங்கள் அவை. தீயின் சூட்டில் அவற்றின் காய் திறந்து விதை கொட்டும். அவற்றுக்கே தாங்க முடியாத சூடு அது. அடுத்த வருடம் மே மாதத்தில், ஒரு குளிர்காலத்துப் பனியும் மழையும் போன பிறகும், அங்கே ஒரு செகோயா உள்ளே புகைந்துகொண்டிருந்ததைப் பூங்கா ஊழியர்கள் பார்த்தார்கள். உமித்தீ எட்டு மாதம் கடந்திருந்தது.

இவ்வளவு சூடு எங்கிருந்து வந்தது என்பதற்கு வறட்சி ஒரு பதில், மனிதர்கள் இன்னொரு பதில். மின்னலும், பழங்குடி மக்கள் கவனமாக வைத்த சிறு தீக்களும் அடிக்கடி சருகைக் கூட்டிப்பெருக்கிக்கொண்டிருந்த காடுகள் அவை. 1935இல் அமெரிக்க வனத்துறை ஒரு விதி போட்டது. எந்தத் தீயைப் பார்த்தாலும் மறுநாள் காலை பத்து மணிக்குள் அடக்கிவிட வேண்டும். நல்ல எண்ணத்தில் போட்ட விதிதான். பல பத்தாண்டுகள் அப்படி அணைத்து அணைத்து, எரிந்துபோயிருக்க வேண்டிய சருகும் சுள்ளியும் குட்டி மரங்களும் அடியில் குவிந்தன. குட்டி மரங்கள் ஏணி மாதிரி. தரையில் ஊர்ந்துபோக வேண்டிய தீ அதில் ஏறிப் பெரிய மரத்தின் கொண்டையைப் பிடித்துக்கொள்கிறது.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. அமெரிக்காவில் 1992 முதல் 2012 வரை பதிவான காட்டுத்தீக்களில் 84 சதவீதம் மனிதர்களால் வந்தவை. மின்னல் மூட்டியது 16 சதவீதம்தான். ஆனால் எரிந்த பரப்பில் பாதிக்கும் மேல் அந்த 16 சதவீதத்தின் பங்கு. மனிதன் தீ வைப்பது சாலை ஓரத்தில், ஊர் ஓரத்தில். புகை கிளம்பியதும் யாராவது பார்த்துவிடுவார்கள், வண்டி போய்விடும். மின்னல் விழுவது பாதையே இல்லாத மலைமுகட்டில். அதுவும் ஒன்றாக விழுவதில்லை, ஒரே ராத்திரியில் நூற்றுக்கணக்கில் விழும். எதை முதலில் அணைப்பது? ஊருக்குப் பக்கத்தில் இருப்பதைத்தான் அணைப்பார்கள், வேறு வழியில்லை. உள்காட்டில் இருப்பது அதற்குள் வளர்ந்துவிடும். 2020இல் மெண்டசீனோ வனப்பகுதியில் ஆகஸ்ட் 16, 17 ஆகிய இரண்டு நாளில் விழுந்த மின்னல்கள் 38 தனித்தனித் தீக்களை மூட்டின. அவை ஒன்றோடொன்று சேர்ந்து 'ஆகஸ்ட் காம்ப்ளெக்ஸ்' என்ற ஒரே தீயாகி, 10 லட்சம் ஏக்கருக்கு மேல் எரித்தன. சென்னை மாநகராட்சி மொத்தமும் 426 சதுர கிலோமீட்டர். அதைப்போல் ஏறத்தாழ பத்து மடங்கு. அது முழுவதுமாகக் கட்டுக்குள் வரும்போது நவம்பர் ஆகிவிட்டது.

தீ அந்த அளவுக்குப் பெரிதாகிவிட்டால் தானே ஒரு இடிமேகத்தையும் உண்டாக்கிக்கொள்ளும். எரியும் காட்டின் சூடு காற்றை மேலே தள்ளுகிறது, மரத்திலிருந்து கிளம்பிய நீராவியும் சேர்ந்து போகிறது, உயரத்தில் அது மேகமாகிறது. அதிலிருந்தும் மின்னல் விழும், பெரும்பாலும் மழையில்லாமல். ஆஸ்திரேலியாவில் 2019–20 கோடைத் தீயின்போது இப்படிப்பட்ட தீமேகங்கள் அடுத்தடுத்து எழுந்தன.

நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் கதை வேறு. பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை புல் காய்ந்து கிடக்கும் மாதங்களில் நமக்கு இடி குறைவு. கோடை இடி வரும்போது நனைக்கிற மழையோடுதான் பெரும்பாலும் வரும். அதனால் நம் காட்டுத்தீக்களில் பெரும்பாலானவை மனிதக் கையால் வருபவை. மூங்கில் உரசித் தீ பிடித்தது என்று இன்றும் சொல்வார்கள். அதைவிட அணைக்காத பீடியையும் மேய்ச்சலுக்காகக் கொளுத்திய புல்லையும் சந்தேகிப்பது நல்லது. ஆனால் தீ பிடித்த பிறகு வறட்சி செய்யும் வேலை எங்கும் ஒன்றுதான். 2018 மார்ச்சில் குரங்கணி மலையில் காய்ந்த புல்லில் தீ எவ்வளவு வேகமாக ஏறியது என்று நமக்குத் தெரியும். சரிவில் தீ மேல்நோக்கி ஓடும்போது, அதன் சுடர் முன்னால் உள்ள புல்லைத் தொடும் முன்பே சூடாக்கிக் காயவைத்துவிடுகிறது. அன்று அங்கே மலையேறப் போயிருந்தவர்களில் இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள்.

மின்னல் விழுவதைத் தடுக்க வழியில்லை. விழுந்த இடத்தைச் சீக்கிரம் கண்டுபிடிக்கலாம். இப்போது மின்னலின் வானொலி அலையைப் பிடிக்கும் கருவிகள் ஒவ்வொரு வெட்டின் இடத்தையும் நொடிகளில் குறித்துக் கொடுக்கின்றன. மறுநாள் விமானங்கள் அந்தப் புள்ளிகளின் மேல் பறந்து, வெப்பத்தைப் பார்க்கும் கேமராவால் கங்கு தேடுகின்றன. மலையுச்சிக் காவல் கோபுரங்கள் குறைந்துவிட்டாலும் அமெரிக்காவின் மேற்கில் இன்னும் சிலவற்றில் ஆட்கள் இருக்கிறார்கள். அந்தக் கோபுர அறைகளில் ஒரு சின்ன முக்காலி போட்டிருப்பார்கள். அதன் கால்களுக்கு அடியில் கண்ணாடிக் குமிழ்கள், மின்சாரம் ஏறாமல் இருக்க. இடி நெருங்கினால் காவலர் அதில் ஏறிக்கொள்ள வேண்டும். நடு அறையில் வட்டமான வரைபட மேசை, குறி பார்க்க ஒரு சுழலும் சட்டம். ஒவ்வொரு மின்னலும் எந்தத் திசையில், எந்த முகட்டுக்குப் பின்னால் இறங்கியது என்று குறிப்பேட்டில் எழுதிக்கொள்கிறார். மேகம் கலைந்த பிறகுதான் அவருக்கு முக்கியமான வேலை. மறுநாள் பள்ளத்தாக்கில் மூடுபனி விலகி, வெயில் ஏறி, சருகு மறுபடி காயத் தொடங்கும் நேரத்தில் பைனாகுலரை எடுத்துக்கொண்டு, எழுதிவைத்த ஒவ்வொரு திசையையும் வரிசையாகப் பார்க்கிறார். அடுத்த நாளும் பார்க்கிறார். இரண்டு வாரம் கழித்தும் அந்தப் பட்டியல் மேசைமேல்தான் இருக்கும்.